பக்கி வண்டியில மூணாவது ஆளுக்கு எடம் கிடையாது

அது சாரட்டு இல்ல சார்.

குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. நீங்க போன்ல வீட்டுல சொல்லிட்டிருந்தீங்கல்ல, பஸ்ஸு நின்னு போச்சு, முன்னாடி சாரட்டுல மாப்பிள்ளை ஊர்வலம் போகுதுன்னு. அது சாரட்டு இல்ல. குட்டியானைம்பாங்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. அது மேல தெர்மாகோல்ல மயில் ஒட்டி, முன்னாடி பிளாஸ்டிக்ல ரெண்டு குதிரைய நிறுத்தியிருக்கான். நல்லாப் பாருங்க, குதிரைக்குப் பின்னாடி டீசல் புகை வருது. யானை, மயில், குதிரை, மூணும் இருக்கு. ஒன்னுக்கும் உசுரு இல்ல.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல.

இது இப்போதைக்கு நகராது சார். இனிமே வெடி வெடிச்சு, டான்ஸ் ஆடி, ட்ரோன் விட்டு, அந்த ட்ரோன் மரத்துல மாட்டி, அதை எடுக்க ஒருத்தன் ஏறி, எல்லாம் முடியணும். நான் ஏன் இவ்வளவு கோவமா பேசுறேன்னு பாக்குறீங்களா? கோவமெல்லாம் இல்ல. நான் பேசுறதே இப்படித்தான். எங்க ஹெச்.ஓ.டி. கேப்பாரு, 'குமரகுரு, நீ சந்தேகம் கேக்குறியா, ரெய்டுக்கு வந்திருக்கியா'ன்னு. குமரகுரு நான்தான். எம்.ஏ. ஹிஸ்டரி, கடைசி வருஷம். மதுரைக்கு வைவாவுக்குப் போறேன். இந்த மடியில இருக்கிறது என் தீசிஸ். 'மதராஸ் மாகாணத்தில் இலகு ரகக் குதிரை வண்டிகள்.' சிரிங்க, பரவால்ல. எங்க கைடும் சிரிச்சாரு. ஏம்ப்பா, ராஜா இருக்காங்க, போர் இருக்கு, குதிரை வண்டியெல்லாம் ஒரு டாபிக்கான்னாரு. நான் கேட்டேன், ஏன் சார், ராஜா என்ன நடந்தா போனாருன்னு. அதுக்கப்புறம் அவர் பேசல.

என்கூட பேசினா எல்லாரும் ஒரு எடத்துல பேச்சை நிறுத்திடுவாங்க சார். அது எனக்கு ஒரு திறமை.

எங்களுக்குப் பழனி. ரயிலடி ரோட்டுல எங்கப்பாவுக்கு வண்டி ஷெட்டு இருக்கு. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கோயில் விசேஷத்துக்கு வண்டி விடுறாரு. உடனே மூஞ்சிய அப்படி வைக்காதீங்க, பாவம், அழிஞ்சு போற தொழில்னு. வைகாசியிலயும் ஆவணியிலயும் வந்து பாருங்க, எங்கப்பாகிட்ட தேதி கிடைக்காது. அமைச்சர் வீட்டுக் கல்யாணமே ஒருதரம் காத்துக் கெடந்துச்சு. சாரட்டு ரெண்டு இருக்கு. பக்கி ஒன்னு இருக்கு.

பக்கின்னா திட்டுற வார்த்தை இல்ல சார். வண்டிக்குப் பேரே அதான். வெள்ளைக்காரன் வச்ச பேரு.

உலகத்துல குதிரை வண்டி ஆயிரம் தினுசு. லேண்டோன்னு ஜெர்மனியில ஒரு ஊர் பேருல ஒன்னு. விக்டோரியான்னு ராணி பேருல ஒன்னு. பீட்டன்னு ஒன்னு, அது கிரேக்கக் கதையில சூரியனோட மகன் பேரு. அவன் அப்பன் தேரை நான்தான் ஓட்டுவேன்னு அடம்பிடிச்சு வாங்கி, வாரை இழுக்கத் தெரியாம இழுத்து, பூமியையே கருக்கிட்டான். அவன் பேரை எந்த மடையன் வண்டிக்கு வச்சான்னு தெரியல. ஆனா நான் எல்லாத்தையும் ரெண்டே வகையா பிரிச்சிருக்கேன். வண்டிக்காரனுக்குத் தனி சீட்டு இருக்குற வண்டி, இல்லாத வண்டி. அவ்வளவுதான் சார் வரலாறு. சாரட்டுல முன்னாடி ஒசரமா ஒரு எடம் இருக்கும், கோச்சுப்பெட்டிம்பாங்க. எங்கப்பா அதுலதான் உக்காருவாரு. ஒசரத்துல உக்கார்றாரேன்னு மரியாதைன்னு நினைச்சுடாதீங்க. உள்ள இருக்கிறவனுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். மூஞ்சி தெரியாது. அவருக்குக் காது கேக்கும், ஆனா கேக்காத மாதிரி இருக்கணும்.

பக்கி அப்படி இல்ல. ரெண்டு சக்கரம், ஒத்தைக் குதிரை, மேல மடக்குற தோல் கூடு, ஒரே சீட்டு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம். அதுல ஒருத்தர்தான் ஓட்டணும். ஆரம்பத்துல லண்டன்ல பணக்கார வீட்டுப் பசங்க அதுல ரேஸ் விட்டு ரோட்டுல போறவன் மேல ஏத்தினானுங்க. இப்ப சைலன்சரைப் புடுங்கிட்டு பைக் ஓட்டுறானுங்களே, அதே பசங்கதான், ஜென்மம்தான் வேற. நம்ம ஊருக்கு வந்ததும் டாக்டருக்கும் தாசில்தாருக்கும் வண்டி ஆச்சு. அமெரிக்காவுக்குப் போய் நாலு சக்கரம் ஆச்சு. அங்கதான் சார் விசயமே. அதுவரைக்கும் ஒரு பொண்ணு வண்டியேறிப் போனா முன்னாடி ஒரு வண்டிக்காரன் இருப்பான், பக்கத்துல ஒரு அத்தை இருப்பா. பக்கி வந்துச்சு, ரெண்டு பேருக்கும் எடம் இல்ல. ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு குதிரை. காதலிக்கிறதுக்கும் ஓடிப் போறதுக்கும் தோதா மனுசன் செஞ்ச மொத வண்டி பக்கிதான்னு தீசிஸ்ல எழுதினேன். கைடு அந்த வரியை அடிச்சாரு. திரும்ப எழுதினேன். திரும்ப அடிச்சாரு. இன்னைக்கு எடுத்துட்டுப் போற காப்பியிலயும் அது இருக்கு.

இதை நான் மொத மொதல்ல சொன்னது வாணிகிட்ட.

கோகிலவாணி. என் கிளாஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சண்முகசுந்தரம் பாத்திரக்கடை இருக்குல்ல, அவர் பொண்ணு. செமினார்ல நான் பேசினப்ப எல்லாரும் போனை நோண்டிட்டிருந்தாங்க. அவ மட்டும் கையத் தூக்கி, 'குதிரைக்கு என்ன கெடச்சுச்சு இந்த வரலாத்துல?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல சார். எனக்குப் பதில் தெரியாத கேள்விய யாரும் அதுவரைக்கும் கேட்டதில்ல. அன்னைக்கே நான் காலி.

எங்க குதிரை மைனா. பக்கிக்கு அதான் பூட்டுவோம். கல்யாணம் இல்லாத நாள்ல காலையில அதை ரயிலடி ரோட்டுல ஓட விடணும், இல்லாட்டி காலு பிடிச்சுக்கும். அது என் வேலை. மார்கழி பூரா வாணி கோயிலுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்து எங்கூட ஏறிக்குவா. அப்ப ஒருநாள் கேட்டா, இதுல கோச்மேன் எங்க உக்காருவான்னு. இதுல கோச்மேனே கிடையாது, மூணாவது ஆளுக்கு எடமே கிடையாதுன்னேன். அந்த அமெரிக்கா கதைய சொன்னேன். அவ ரொம்ப நேரம் சிரிச்சா. அப்படின்னா எனக்கும் ஒருநாள் இந்த வண்டியக் கொண்டான்னா. கொண்டாந்தா போச்சுன்னேன். ஸ்டேஷன் வரைக்கும் போயி, வேப்பமரத்தைச் சுத்தி, திரும்பி வருவோம். மைனாவுக்கு அந்த வழி அவ்வளவு பழக்கம். அவ ஏறி உக்காந்தா நான் வாரைத் தொடவே வேணாம், அதுவா நேரா ஸ்டேஷனுக்குப் போயிடும்.

சரி, அதை விடுங்க.

தை பொறந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. எங்கப்பாகிட்ட நீயே வந்து பேசுன்னா வாணி. போனேன். எனக்கென்ன பயம். கடையில உக்கார வச்சு காப்பி வாங்கிக் கொடுத்தாரு. அது வேற விசயம், காப்பி யாருக்கு வேணாலும் வாங்கிக் கொடுப்பாங்க. என்ன படிக்கிறீங்கன்னாரு. அப்பாவுக்கு ஒடம்பு சௌக்கியமான்னாரு. வண்டியெல்லாம் நல்லா ஓடுதான்னாரு. கவனிச்சீங்களா, எப்படிக் குத்துறாருன்னு? ஒரு மனுசன் காதலைப் பத்திப் பேச வந்திருக்கான், அவன்கிட்ட வண்டி ஓடுதான்னு கேக்குறாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒரு குடத்தைத் தொடைச்சுக்கிட்டே இருந்துட்டு சொன்னாரு:

"சரி தம்பி. உங்கப்பாவை ஒருதரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. பேசுவோம்."

வரச் சொல்லுங்க. கேட்டீங்களா சார்? எங்கப்பாவை இந்த ஊர்ல எல்லாரும் வரச் சொல்லித்தான் பழக்கம். வண்டிய வரச் சொல்லு, வண்டிக்காரனை வரச் சொல்லு, அவன் வெளிய நிக்கட்டும். நான் சின்னதுல இருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்திருக்கேன். பொண்ணு கொடுக்கிறதா வேணாமான்னு பேசுறதுக்கும் அவர்தான் வந்து நிக்கணுமா? ஏன், நீங்க எங்க ஷெட்டுக்கு வரமாட்டீங்களா, செருப்புல சாணி ஒட்டிக்குமான்னு கேட்டேன். இல்ல தம்பி, பையன் வீட்டுல இருந்து வந்து கேக்குறதுதானே முறைன்னு இழுத்தாரு. முறை. அந்த வார்த்தைக்குத்தான் காத்திட்டிருந்தேன். எந்திரிச்சு நின்னேன். கோச்சுப்பெட்டியில ஆரம்பிச்சேன். இருநூறு வருசமா யாரு மேல உக்காந்தான், யாரு முதுகப் பாத்தான்னு ஒரே மூச்சுல சொன்னேன். கடைக்கு வந்த பொம்பளைங்க, சம்பந்தி வீட்டுச் சீருக்கு அண்டா பாத்திட்டிருந்தவங்க, அப்படியே நின்னுட்டாங்க. அவரு குடத்தைக் கீழ வச்சுட்டாரு. காப்பிய முழுசாக் குடிக்காம வந்தேன். ஜெயிச்சுட்டேன்னு வச்சுக்குங்களேன்.

வீட்டுல சொன்னா, எங்கப்பா வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி மாட்டிட்டு நிக்கிறாரு. வாணி முன்னாடியே அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கா போல. பொண்ணு கேட்டு நாமதான்டா போகணும், அதுல என்னடா கௌரவக் கொறச்சல்னாரு. நீங்க அந்தப் படி ஏறினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. சட்டையக் கழட்டி, மடிப்புக் கலையாம மடிச்சு, பொட்டிக்குள்ள வச்சுட்டாரு. அவருக்கும் நான் சொன்னது சரின்னு பட்டிருக்கு.

அப்புறம் வாணி வந்தா. ஒருதரம் இல்ல, மூணு நாலுதரம் வந்தா. எங்கப்பாவுக்கு உன்மேல கோவமே இல்ல குரு, பையன் நல்லாப் பேசுறான்னுதான் சொன்னாரு, நீ வந்து ஒரு வார்த்தை சாரின்னு சொல்லு போதும்னா. எதுக்கு சாரி, எந்த வாக்கியத்துக்கு சாரி, அதைக் காட்டுன்னேன். எந்த வாக்கியத்துக்கும் வேணாம், எனக்காகச் சொல்லுன்னா. அது லாஜிக் இல்லன்னேன். லாஜிக்கா சார் அது, நீங்களே சொல்லுங்க? உன்கூட பேசினா கோர்ட்டுக் கூண்டுல நிக்கிற மாதிரியே இருக்குடான்னா. அப்படின்னா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுன்னேன். அதோட அவ வரல.

பாருங்க, எவ்வளவு சுலபமா விட்டுட்டுப் போறாங்க. கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனி இன்ஜினியர். நிச்சயம் ஆயிடுச்சு. எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. வாட்ஸ்அப்ல தேதி போட்ட பத்திரிக்கை கிளாஸ் குரூப்புக்கு வருது, எல்லாரும் கை கூப்புற பொம்மை போடுறானுங்க. நானும் போட்டேன். எதுக்குப் போடாம இருக்கணும்?

இதுக்கு மேலதான் அவளோட நெஞ்சழுத்தம் தெரிஞ்சுச்சு சார். வைகாசியில ஒரு சாயங்காலம், அவளும் அவ சித்தியும் நேரா எங்க ஷெட்டுக்கு வர்றாங்க. வண்டி புக் பண்ண. ஊர்ல வேற வண்டியே இல்லாத மாதிரி. எங்கப்பா சேர் போட்டு உக்கார வச்சாரு. மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டுன்னு சித்தி சொல்லுச்சு. பொண்ணு அழைப்புக்கும் இன்னொரு சாரட்டு போட்டுடலாமான்னு அப்பா கேட்டாரு. எங்க பக்கம் மொத நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில்ல வச்சுப் பொண்ணுக்குப் பொட்டு வச்சு, மேளத்தோட மண்டபத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க சார், அதுக்கு. வாணி சொல்றா, "எனக்கு சாரட்டு வேணாம் மாமா. பக்கி."

நான் மைனாவுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். விடுவேனா? பக்கியில கூட வர்ற ஆளுக்கு எடம் கிடையாது, பொண்ணு அழைப்புக்கு அது ஒத்து வராதுன்னு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னேன்.

"தெரியும். நீ சொன்னதுதானே," ன்னா.

என் பாடத்தை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறா. சித்தி, அதெப்படிடி, தோழி இல்லாம வர்றதுன்னு இழுத்துச்சு. போட்டோவுக்கு நல்லாருக்கும் சித்தி, நீங்க தட்டு எடுத்துக்கிட்டு முன்னாடி நடங்கன்னு அடக்கிட்டா. அப்புறம் எங்கப்பாவைக் கேட்டா, அன்னைக்கு ரெண்டு வண்டியும் ஒரே நேரமாச்சே, பக்கிய யாரு ஓட்டுவாங்கன்னு. நான் சாரட்டுல இருப்பேன், பக்கிக்கு இவன்தான்னாரு அப்பா. சரின்னு தலையாட்டினா. மைனா நெத்தியத் தடவிக் கொடுத்துட்டுப் போயிட்டா. என்னை நிமிந்துகூடப் பாக்கல.

எவ்வளவு கொழுப்பு பாருங்க. இவளுக்குக் கல்யாணம், அதுக்கு வாரைப் பிடிக்க என் கை வேணுமாம். நான் ராத்திரி பூரா தூங்கல சார். அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், முடியாதுன்னா நான் அழறேன்னு ஆகும். ஓட்டினா எனக்கு ஒன்னுமில்லன்னு ஆகும். ஓட்டுறதுன்னு முடிவு பண்ணேன்.

பொண்ணு அழைப்பு அன்னைக்கு, கோயிலுக்குப் பின்னாடி வண்டிய நிறுத்தி, பூ கட்டிட்டிருக்கேன். அவ பூசை முடிஞ்சு வர்றதுக்கு முன்னாடியே சீட்டுக்குக் கீழ ஒரு பை இருக்கு. காலேஜுக்குக் கொண்டு வருவாளே, அந்த நீலப் பை. கோயில்ல பூ விக்கிற அக்காகிட்ட கொடுத்து முன்னாடியே வைக்கச் சொல்லியிருக்கா. நல்ல கனம். எனக்குச் சுர்ருன்னுச்சு. ரெண்டு சக்கர வண்டி சார் அது, தராசு மாதிரி. பின்னாடி வெயிட்டு ஏறினா முன்னாடி குதிரைய மாட்டுற ஏர்க்கால் தூக்கிக்கும், வயித்து வாரு குதிரைய இறுக்கும். இதை அவளுக்கு எத்தனைதரம் சொல்லியிருக்கேன். பட்டுப்பொடவையும் நகையுமா வந்து ஏறுறா, நான் மொதல்ல கேட்டதே அதான். என்னத்தை இவ்வளவு ரொப்பிக் கொண்டாந்திருக்க, மைனாவுக்கு வலிக்காதான்னு. அவ, "கொஞ்ச தூரம்தான் குரு, தாங்கும்," ன்னா. ஆறு மாசம் கழிச்சு என் பேரை அப்பதான் சொல்றா.

கிளம்பிச்சு. முன்னாடி செண்டை மேளம், அதுக்குப் பின்னாடி தட்டு எடுத்த பொம்பளைங்க, சித்தி துபாய்ல இருக்கிற பையனுக்கு வீடியோ கால்ல காட்டிக்கிட்டே நடக்குது. கடைசியில நாங்க. அந்த மேளத்துல நாங்க பேசினா நாங்களே கேட்டாத்தான் உண்டு. பக்கத்துல உக்காந்திருக்கா. வேற வழி இல்ல, வண்டி அப்படி. தோள் இடிக்குது. மல்லிப்பூ வாசம். நான் குதிரை காதையே பாத்துக்கிட்டு ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டா, தீசிஸ் முடிச்சுட்டியான்னு. முடிச்சாச்சுன்னேன். அந்த ஓடிப் போற வரி இன்னும் இருக்கான்னா. இருக்குன்னேன். நல்லதுன்னா. அவளுக்கு எதுக்கு சார் அது? அந்த நேரத்துல கேக்குற கேள்வியா?

ரயிலடி ரோட்டு முக்கு வந்துச்சு. எடதுபக்கம் திரும்பினா மண்டபம். நேரா போனா ஸ்டேஷன். மேளம் திரும்பிடுச்சு. தட்டுக்காரங்க திரும்பிட்டாங்க. சித்தி போனைப் பாத்துக்கிட்டே திரும்பிடுச்சு. எங்களுக்குப் பின்னாடி யாரும் கிடையாது. அப்ப சொல்றா:

"நேரா விடு."

மண்டபம் லெஃப்ட்லன்னேன்.

"எனக்குத் தெரியும். நேரா விடு குரு."

அவ என் சட்டைக் கையப் பிடிச்சிருக்கா. எனக்கு எப்படி இருந்துச்சுன்னா சார், ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. கடைசி நேரத்துலயும் இப்படி விடு, அப்படி விடுன்னு வண்டிக்காரனுக்கு உத்தரவு போடுறா. அவங்கப்பா எங்கப்பாவை வரச் சொன்னாரு. இவ என்னைப் போகச் சொல்றா. குடும்பமே அப்படித்தான். நான் அவ மூஞ்சியப் பாத்துச் சொன்னேன், நல்லா நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையா:

"நீங்க புக் பண்ணது மண்டபம் வரைக்கும்தான். அதுக்கு மேல போகணும்னா எங்கப்பாகிட்ட கேட்டுக்குங்க."

நீங்கன்னுதான் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. எங்கப்பா சட்டைய மடிக்கிறதுக்கு முன்னாடி பாத்தாரே, அந்த மாதிரி. சட்டைக் கைய விட்டா. கண்ணு மை கலையாம விரலால ஒத்திக்கிட்டா. "சரி. திருப்பு," ன்னா.

திருப்பினேன்.

மண்டபத்து வாசல்ல ஆலாத்தி எடுத்து உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவ திரும்பிப் பாக்கல. பையையும் எடுக்கல. அப்படியே சீட்டுக்குக் கீழ கிடக்கு. சரியான மறதி. இன்னொருத்தனா இருந்தா தூக்கிட்டுப் போய் வீட்டுல வச்சுத் திறந்து பாத்திருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்ல. நேரா போய் சித்தி கையில கொடுத்தேன், உங்க பொண்ணு விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. சித்தி ஜிப்பைத் திறந்துச்சு. மேல ரெண்டு காட்டன் சுடிதார், அடியில சர்டிபிகேட் வைக்கிற பைல். டக்குன்னு மூடிடுச்சு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சுத்துமுத்தும் பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு. திட்டும்னு நினைச்சேன். திட்டல. "நீ போ தம்பி. போயிடு," ன்னு மெதுவா சொல்லுச்சு. அதுக்குக் கண்ணுல தண்ணி. தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை கிடையாது சார். ஒரு பொருளைப் பத்திரமா ஒப்படைச்சிருக்கேன்.

கல்யாணத்துக்கு நான் போகல. எங்கப்பா போனாரு. அந்த வெள்ளைச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனாரு. சாப்பிட்டீங்களான்னு வந்ததும் கேட்டேன். சண்முகசுந்தரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஒருதரம் நீங்க வந்திருக்கலாமேன்னு கேட்டாருடான்னாரு. எதுக்குக் கேட்டாருன்னு நான் கேக்கல. அப்பாவும் சொல்லல. அதுல இருந்து எங்கப்பா என்கிட்ட வண்டி விசயம் மட்டும்தான் பேசுறாரு.

என்ன சார், ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறீங்க? எதாவது எதிர்த்துப் பேசுங்க. நான் பதில் வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு மொத நாள் எதுக்கு சர்டிபிகேட்டுன்னு கேக்கப் போறீங்க. எனக்கென்ன தெரியும், கோயம்புத்தூர்ல வேலைக்குச் சேர எடுத்து வச்சிருப்பா. அதுக்கு எதுக்கு அதை பக்கியில வைக்கணும்னு கேக்கப் போறீங்க. கேக்காதீங்க. ரயிலா? பாத்தேன். அந்த நேரத்துக்கு ஸ்டேஷன்ல எதாச்சும் வண்டி இருக்கான்னு சும்மா பாத்தேன். ஆராய்ச்சி பண்றவனுக்கு எல்லாத்தையும் சரிபாக்குற புத்தி. இருந்துச்சு. மெட்ராஸ் போற வண்டி ஒன்னு இருந்துச்சு. அதனால என்ன? தினம்தான் போகுது. இன்னைக்கும் போகும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார் அவ. என்னைக் கூட்டிட்டுப் போன்னு முழுசா ஒரு வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் வச்சு. நான் என்ன மனசைப் படிக்கிறவனா?

இல்ல, நான் அழல. ஜன்னல் வழியா அந்த டீசல் புகைதான் வருது. கையெல்லாம் பிடிக்காதீங்க. தீசிஸ் நனையுது பாருங்க, கொஞ்சம் பிடிங்க இதை.

பஸ் நகருது. நல்லது. இன்னும் ஒன்னே ஒன்னு சொல்லிடுறேன், மைனா விசயம். அந்த முக்குல அது திரும்ப மாட்டேன்னுருச்சு. அவ ஏறி உக்காந்தா ஸ்டேஷனுக்குத்தான்னு அதுக்குப் பழகிப் போச்சு. கழுத்தை நேரா வச்சுக்கிட்டு அசைய மாட்டேங்குது. நான் எடதுபக்கத்து வாரைப் பிடிச்சு இழுத்தேன். அப்பவும் வரல. ரெண்டு கையாலயும் இழுத்தேன். கடிவாளம் வாயோரத்துல கிழிச்சு ரத்தம் வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் திரும்பிச்சு. அப்பா இன்னும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கிட்டிருக்காரு, புண்ணு ஆறல. நான் கிட்டப் போனா தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குது.

அதுக்கு என்ன சார் தெரியும், குதிரை. அதுக்கும் நேரா போகணும். அவளுக்கும் நேரா போகணும். அந்த வண்டியில இருந்த மூணு பேர்ல நான் ஒருத்தன்தான் சார் மண்டபத்துக்கு வழி தெரிஞ்சவன்.